டியூபுக்குள்ளேயே குறையும் சர்க்கரை

வேலூரில் எந்த லேப்புக்குப் போனாலும் காலையில் இந்தக் கேள்வி காதில் விழும்: "ஒரு ஊசிதானேங்க, எதுக்கு இத்தனை டியூப்?" நியாயமான கேள்விதான். ஊதா, சிவப்பு, மஞ்சள், சாம்பல் என்று மூடிக்கு மூடி நிறம் மாறுவதற்குக் காரணம், உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு என்பதே.

உடலை விட்டு வெளியே வந்த ரத்தம் சும்மா இருப்பதில்லை. உறையத் தொடங்கும். அதன் செல்கள் சர்க்கரையைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். எதைத் தடுக்க வேண்டும், எதை நடக்கவிட வேண்டும் என்பது பரிசோதனையைப் பொறுத்தது. ஹீமோகுளோபின் பார்க்கவும் தட்டணுக்களை எண்ணவும் ரத்தம் உறையக் கூடாது. உறைவதற்குக் கால்சியம் தேவை. ஊதா மூடி டியூபில் உள்ள ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் அந்தக் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கல்லீரல், சிறுநீரகம், கொழுப்புப் பரிசோதனைகளுக்கு நேர்மாறாக, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி டியூபில் அரை மணி நேரம் உறையவிட்டுச் சுழற்றி, மேலே தெளியும் சீரத்தை எடுக்கிறார்கள்.

சர்க்கரைக்குத்தான் சாம்பல் மூடி. சாதாரண டியூபில் பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அறை வெப்பத்திலேயே மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் சர்க்கரை குறையும். வெயில் ஏற ஏற இன்னும் வேகமாக. கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டும் என்பதை நினைத்துப் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 என்பது நீரிழிவின் எல்லை. உண்மையில் 130 இருப்பவருடைய ரத்தம் இரண்டு மணி நேரம் காத்திருந்தால் ரிப்போர்ட்டில் 115 பக்கம் வந்து நிற்கலாம். நோய் இருப்பவர் இல்லையென்று நினைத்து வீடு திரும்புவார்.

சாம்பல் டியூபில் உள்ள சோடியம் ஃபுளோரைடு, சர்க்கரையைச் சிதைக்கும் எனோலேஸ் என்ற நொதியை முடக்குகிறது. ஆனால் அந்த நொதி வேலை செய்வது சர்க்கரை சிதையும் கடைசிப் படிகளில் ஒன்றில்; முந்தைய படிகள் உடனே நிற்பதில்லை. அதனால் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஜவ்வாது மலைக் கிராமத்தில் முகாம் போட்டு ரத்தம் எடுத்து மதியம் கீழே கொண்டுவருபவர்கள், சாம்பல் மூடி போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஐஸ் பெட்டியும் வேண்டும். அதே ஐஸ் பெட்டியில் பொட்டாசியம் பார்க்க வேண்டிய, இன்னும் சுழற்றாத டியூபை வைத்தால் வேறு சிக்கல்: குளிரில் செல்களின் பம்பு சோர்ந்து, உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்து அளவு கூடிவிடும்.

எடுக்கும் வரிசையும் முக்கியம். வெளிர்நீலம் முதலில், அப்புறம் சிவப்பு அல்லது மஞ்சள், பிறகு பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். கிருமி வளர்ப்புப் பாட்டில் இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால். ஊதா டியூபில் இருப்பது ஈடிடிஏயின் பொட்டாசிய உப்பு. அதில் கொஞ்சம் சிவப்பு டியூபுக்குப் போனாலும் பொட்டாசியம் ஏறியதாகவும் கால்சியம் இறங்கியதாகவும் காட்டும். ரத்தம் போதவில்லை என்று ஊதாவிலிருந்து சிவப்புக்குக் கவிழ்ப்பது ஆபத்தானது என்றே சொல்வேன். உண்மையில் ஏறாத பொட்டாசியத்தைக் குறைக்க மருந்து கொடுத்தால் இதயம் பாதிக்கப்படும்.

நம் சிஎம்சி (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் உயிர்வேதியியல் துறை, நாடு முழுவதும் உள்ள லேப்களுக்கு மாதிரிகள் அனுப்பி அவற்றின் துல்லியத்தைச் சோதிக்கும் திட்டத்தைப் பல வருடங்களாக நடத்துகிறது. இந்த ஊருக்குப் பெருமை. ஆனால் அப்படி வரும் மாதிரியால் அளவிடும் வேலையைத்தான் சோதிக்க முடியும். எந்த டியூபில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தது என்பது அதில் தெரியாது. அந்தப் பொறுப்பு முழுக்க ரத்தம் எடுப்பவர் கையில்தான்.

ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் வெளிர்நீல டியூபைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதில் உறைவதைத் தடுக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு ரத்தம் வேண்டும். கோடு வரை ஏறவில்லை என்றால் சிட்ரேட் மிஞ்சி, ரத்தம் உறைய அதிக நேரம் எடுப்பதாகக் காட்டும். இதய வால்வு மாற்றி, ரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்தால் வால்வில் ரத்தம் கட்டலாம். பாதி நிரம்பிய டியூபை அனுப்புவதைவிட, "மன்னிச்சுக்கோங்க, இன்னொரு தடவை எடுக்கணும்" என்று கேட்டு மறுபடி குத்துவதே சரி.