படபடப்பு எத்தனை மணிக்கு வந்தது?

“பகலெல்லாம் ஓடியாடினால் ஒன்றும் இல்லை டாக்டர். ராத்திரி வயிறு நிறையச் சாப்பிட்டுப் படுத்தால்தான் நெஞ்சு தாறுமாறாக அடிக்கிறது.”

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் கோளாறு) திரும்பத் திரும்ப வருகிறது என்று வந்தவர் சொன்னது இது. நாற்பதைத் தாண்டியவர், தினமும் நெடுந்தூரம் ஓடுபவர். இதய ஸ்கேனான எக்கோவில் குறை எதுவும் இல்லை. நாடி நிமிடத்துக்கு 50. நாடியைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். “இதைப் போட்ட பிறகு அதிகமான மாதிரி இருக்கிறது” என்றார், தயங்கித் தயங்கி. தயங்கவே வேண்டாம், விஷயம் அதில்தான் இருந்தது.

மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பை இதயத்தின் பிரேக் என்று சொல்லிப் பழகிவிட்டோம். நாடியை மெதுவாக்குகிறது என்ற அளவில் சரி. ஆனால் மேலறைத் தசையில் கதை வேறு. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் அந்தத் தசை சிறிது நேரம் ஓய்ந்திருக்கும். அப்போது அடுத்த மின்தூண்டல் வந்தாலும் ஏற்காது. வேகஸ் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் அந்த ஓய்வைச் சுருக்கிவிடுகிறது, அதுவும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவில். மின்னலைகள் அங்கங்கே சுற்றிச் சுழல அது போதும். ஓட்டத்திலும் பதற்றத்திலும் நாடியை முடுக்கும் பரிவு நரம்பு வேறு வழியில் வேலை செய்கிறது: செல்லுக்குள் கால்சியத்தைக் கூட்டி, வேளை கெட்ட துடிப்புகளைக் கிளப்பும். உறக்கத்திலும் சாப்பாட்டுக்குப் பின்னும் வருவது, ஓட்டத்திலும் பதற்றத்திலும் வருவது என்று பிரெஞ்சு மருத்துவர் ஃபிலிப் குமெல் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைப் பிரித்துச் சொன்னார். நடைமுறையில் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

வேளை கெட்ட துடிப்புகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்து கிளம்புகின்றன என்று 1998-இல் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டினார்கள். அந்தச் சிரைகளின் வாயைச் சுற்றியுள்ள கொழுப்பில்தான் வேகஸ் உள்ளிட்ட தன்னியக்க நரம்புகளின் முடிச்சுகளும் இருக்கின்றன. அப்லேஷன் என்ற சிகிச்சையில், அந்தத் துடிப்புகள் பரவாதபடி சிரைகளைச் சுற்றிச் சுடும்போது அந்த முடிச்சுகளிலும் கொஞ்சம் சூடு பட்டு, வேகஸின் பிடி தளரும். சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு நாடி முன்பைவிடச் சற்று வேகமாக ஓடுவது இதனால்தான். “60 இருந்தது இப்போது 75” என்று பயந்து போன் செய்பவர்கள் உண்டு.

சரி, அவருக்கு என்ன செய்தோம்? அவருக்கு வந்தது வேகஸ் வகை; பீட்டா பிளாக்கர் பரிவு நரம்பை அடக்குவதால் வேகஸின் கை இன்னும் ஓங்கியிருக்கலாம். பீட்டா பிளாக்கரைப் படிப்படியாகக் குறைத்து வேறு மருந்துக்கு மாற்றினோம். இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அதே மாத்திரை இன்னொருவருக்குச் சரியான மருந்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோ முற்றிலும் வேறு கணக்கு. படபடப்பு இரவில் வந்தாலும் பகலில் வந்தாலும், வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு பக்கவாதம் வந்ததா என்பதையெல்லாம் பார்த்துத்தான் அதை முடிவு செய்வோம்.

ஒரு நோட்டில் படபடப்பு தொடங்கிய நேரம், அதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தார் என்று குறித்துவரச் சொல்லி அனுப்பினேன். அடுத்த முறை வந்தபோது பாதிக்கு மேல் நள்ளிரவு தாண்டிய நேரங்கள். கூட வந்த மனைவி நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த நேரத்தில்தான் குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் கிடப்பார்” என்றார். அதை யாரும் இதுவரை அவரிடம் கேட்டதில்லையாம். தூக்கப் பரிசோதனைக்கு அன்றே எழுதிக் கொடுத்தேன்.