தமிழில் நயம் பாராட்டுகிற பிள்ளை ஆங்கிலக் கவிதையில் ஏன் திணறுகிறது?

தமிழ்த் தாளில் ஒரு பாடலைக் கொடுத்து நயம் பாராட்டச் சொன்னால் நம் பிள்ளைகள் பெரிதாகப் பயப்படுவதில்லை. மையக் கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி என்று தலைப்புப் போட்டு, அடியில் ஸ்கெட்ச் பேனாவால் கோடும் இழுத்துப் பக்கத்தை நிரப்பிவிடுகிறார்கள். அதே பிள்ளை ஆங்கிலத் தாளில் நாலு வரிக் கவிதையைப் பார்த்தால், கைடில் அந்தக் கவிதைக்கு என்ன பதில் போட்டிருந்தது என்றுதான் யோசிக்கிறது. கண் முன்னால் இருக்கிற நாலு வரியைப் படிக்கத் தோன்றுவதே இல்லை.

சென்னையில் பத்தாம் வகுப்புக்கும் பிளஸ் டூவுக்கும் ஆங்கிலம் எடுக்கிறேன். ஜனவரி பிறந்ததும் பெற்றோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், பொயம் எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டான், ஆனா மார்க் வரலையே?" மனப்பாடப் பகுதிக்கு அது போதும். மற்ற கேள்விகளுக்குப் போதாது. தமிழில் பழகிய அதே வேலையைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இங்கே கூடுதலாக ஒரே ஒரு படி: அணியின் பெயரைச் சொன்னதோடு நிறுத்தாமல், அந்த அணி அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும்.

முதலில் சுலபமான மதிப்பெண்களை எடுத்துக்கொள்வோம். ரைம் ஸ்கீம் (எந்தெந்த வரிக் கடைசி ஒலிகள் ஒத்துப்போகின்றன என்று ஏ, பி எழுத்துகளால் குறிப்பது), ரைமிங் வேர்ட்ஸ், அலிட்டரேஷன் ஆகியவற்றைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். கண்ணால் தேடுகிறவர்கள் ஏமாறுவார்கள். பிளஸ் டூவில் டோரு தத் எழுதிய 'அவர் காசுவரினா ட்ரீ' இருக்கிறது. அதன் முதல் ஸ்டான்ஸா 11 வரி. வரிக் கடைசிச் சொற்களை வாய்விட்டுச் சொன்னால் ஏ, பி, பி, ஏ, அப்புறம் சி, டி, டி, சி, கடைசியில் மூன்று ஈ என்று கச்சிதமாக வரும். இதில் ஐந்தாவது வரி 'கேலண்ட்லி' என்று முடிகிறது, எட்டாவது வரி 'பீ' என்று முடிகிறது. எழுத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் பாதிப் பேர் அங்கே புது எழுத்தைப் போட்டு மொத்த வரிசையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். அலிட்டரேஷனுக்கும் இதே கதைதான். 'கிரிம்ஸன் கிளஸ்டர்ஸ்' என்பதில் க ஒலி இரண்டு முறை வருவதால் அது அலிட்டரேஷன். எழுத்து ஒன்றாக இருந்து ஒலி வேறாக இருந்தால் அது கணக்கில் வராது. 'நைட்' என்ற வீரனும் 'கிங்' என்ற ராஜாவும் கே எழுத்தில் தொடங்கினாலும் அலிட்டரேஷன் ஆகமாட்டார்கள்.

அடுத்து உவமை. இங்கேதான் மதிப்பெண் போகிறது.

அதே கவிதையின் முதல் வரியில், மரத்தைச் சுற்றி ஏறும் கொடியை மலைப்பாம்பு என்கிறார் டோரு தத். 'லைக்' இருக்கிறது, ஆகவே சிமிலி. மாணவர்கள் இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இன்னும் நாலு வரி தள்ளிப் படித்துப் பாருங்கள். வேறு எந்த மரமும் இந்தப் பிடியில் உயிரோடு இருக்காது என்கிறார். உடனே அந்த ராட்சத மரம் கொடியை ஸ்கார்ஃப் போலக் கழுத்தில் கம்பீரமாகப் போட்டுக்கொண்டு நிற்கிறது என்கிறார். ஒரே கொடிதான். முதலில் உயிரை எடுக்கும் பாம்பு, கொஞ்ச நேரத்தில் தோளில் கிடக்கும் துணி. மரம் எவ்வளவு வலுவானது என்பதை 'ஸ்ட்ராங்' என்ற சொல்லே இல்லாமல் சொல்லியாயிற்று. பதிலில், "கொடி பாம்பிலிருந்து ஸ்கார்ஃப் ஆக மாறுவது மரத்தின் வலிமையைக் காட்டுகிறது" என்று எளிய ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எழுதுகிற பிள்ளையின் தாளைத் திருத்துகிறவர் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார். கைடில் இருக்கிற ஒரே பதிலைக் கட்டுக் கட்டாகப் பார்த்துச் சலித்த கண் அது.

காசுவரினா என்றால் ஏதோ வெளிநாட்டு மரம் என்றுதான் சென்னைப் பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் சவுக்குதான். ஈசிஆரில் போகும்போது வரிசை வரிசையாகப் பார்க்கிறோம், கல்யாணப் பந்தலுக்குக் கம்பாக நடுகிறோம். காற்றடித்தால் சவுக்குத் தோப்பில் ஒரு ஓசை வருமே, அதைக் கேட்டவர்களுக்குக் கவிதையில் அந்த மரம் ஒப்பாரி போல முனகுகிறது என்ற இடம் தானாகப் புரியும். இதைக் குறிப்பு எழுதி விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஸ்டான்ஸா 'பட்' என்று தொடங்குகிறது. கவிதையில் 'பட்', 'யெட்', 'ஸ்டில்' வந்தால் பென்சிலால் வட்டம் போடச் சொல்வேன். கருத்து திரும்பும் இடம் அதுதான், கேள்வியும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். இந்த மரம் கவிஞருக்கு ஏன் பிரியமானது என்று கேட்டால், முக்கால்வாசிப் பேர் "அது பெரியது, அழகானது" என்று எழுதுகிறார்கள். கவிஞரோ அந்தக் கம்பீரத்துக்காக அல்ல என்று வெளிப்படையாகவே சொல்கிறார். சின்ன வயதில் கூட விளையாடியவர்களுக்காக. அவருடைய அண்ணன் அப்ஜு 1865இலும் அக்கா ஆரு 1874இலும் இறந்துபோனார்கள். டோருவும் 1877இல், 21 வயதில் காசநோயால் போய்விட்டார். கவிதை அச்சில் வந்தது அதற்கும் பிறகு, 1882இல். இந்தத் தகவல் பதிலுக்குத் தேவை, ஏனென்றால் நிரந்தர உறக்கத்தில் இருப்பவர்கள் என்று கவிதை யாரைச் சொல்கிறது என்பது இதனால்தான் விளங்குகிறது. மற்றபடி கவிஞர் எங்கே பிறந்தார், என்ன படித்தார், எந்த மொழிகள் தெரியும் என்று முதல் பத்தியை நிரப்புவது வீண் வேலை. வரிக்கு உதவாத வாழ்க்கைக் குறிப்புக்கு மதிப்பெண் கிடையாது.

இன்னொரு பெரிய குழப்பம், பேசுவது யார் என்பது. 'ஆல் தி வேர்ல்ட்ஸ் எ ஸ்டேஜ்' பகுதிக்கு "ஷேக்ஸ்பியர் மனித வாழ்க்கையை ஏழு பருவங்களாகப் பார்க்கிறார்" என்றுதான் எல்லோரும் எழுதுகிறார்கள். பேசுவது 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் வரும் ஜேக்விஸ், எப்போதும் சலித்துக்கொள்கிற ஆள். இரண்டாம் அங்கம், ஏழாம் காட்சி. கடைசிப் பருவத்தில் மனிதனுக்குப் பல் இல்லை, கண் இல்லை, ருசி இல்லை, எதுவுமே இல்லை என்று அவர் முடிக்கிறார். முடித்த கையோடு மேடைக்கு வருவது யார்? ஆடம் என்ற வயதான வேலைக்காரனைச் சுமந்துகொண்டு ஆர்லண்டோ வருகிறான். முதுமையில் எதுவுமே மிச்சமில்லை என்றாரே, இதோ விசுவாசம் இருக்கிறது, அதைத் தாங்க ஒருவன் இருக்கிறான். அப்படியானால் ஷேக்ஸ்பியர் ஜேக்விஸோடு ஒத்துப்போகிறாரா என்பதே கேள்விக்குறி. பாடப்புத்தகத்தில் இந்தக் காட்சி இல்லை, தேர்விலும் கேட்க மாட்டார்கள். ஆனால் இதை வகுப்பில் சொன்ன பிறகு "ஷேக்ஸ்பியர் சொல்கிறார்" என்று எழுதுகிறவர்கள் பாதியாகக் குறைந்துவிடுகிறார்கள். "தி ஸ்பீக்கர்" என்று தொடங்கினாலே போதும், எந்தக் கவிதைக்கும் தப்பாகாது.

இதே பகுதிக்கும் டென்னிசனின் 'யுலிஸஸ்' கவிதைக்கும் சிலர் ரைம் ஸ்கீம் எழுதி வைப்பார்கள்! இரண்டும் பிளாங்க் வெர்ஸ். ஓசை உண்டு, வரிக்கடைசி இயைபு கிடையாது. இல்லாததை இல்லை என்று எழுதலாம், அதுவும் சரியான பதில்தான்.

பத்தாம் வகுப்பில் எனக்குப் பிடித்தது கிப்ளிங்கின் 'தி சீக்ரெட் ஆஃப் தி மெஷின்ஸ்'. 1911இல் இங்கிலாந்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒரு வரலாற்றுப் புத்தகத்துக்கு எழுதியது. இயந்திரங்களே பேசுகின்றன என்பதால் பெர்சானிஃபிகேஷன் என்று எழுதிவிடுவார்கள், சரி. ஆனால் வினைச்சொற்களைப் பாருங்கள். தொடக்கத்தில் எல்லாமே 'வி வேர்': வெட்டி எடுக்கப்பட்டோம், உருக்கப்பட்டோம், அடிக்கப்பட்டோம், அறுக்கப்பட்டோம். அப்புறம் 'வி கேன்' என்று மாறுகிறது: இழுப்போம், தள்ளுவோம், தூக்குவோம், அச்சடிப்போம், உழுவோம். பாஸிவ் வாய்ஸிலிருந்து ஆக்டிவ் வாய்ஸ். கிராமர் பகுதியில் ஆண்டு முழுக்கப் போடுகிற பயிற்சி இங்கே கவிதையாக நிற்கிறது. மனிதன் கையில் கிடந்த இரும்புக்கு மெல்ல மெல்ல அதிகாரம் வருவது அந்த வினைச்சொற்களிலேயே தெரிகிறது. பிறகுதான் எச்சரிக்கை: எங்களுக்குப் பொய் புரியாது, அன்போ இரக்கமோ மன்னிப்போ தெரியாது, கை தவறினால் சாவாய். இதற்கு அணியின் பெயரே வேண்டாம். வினைச்சொல் மாறியதைக் கவனித்தேன் என்று எழுதினாலே நல்ல பதில். எந்தக் கவிதையிலும் அணி ஒன்றும் தட்டுப்படவில்லையென்றால் வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போட்டுப் பாருங்கள், ஏதாவது கிடைக்கும்.

பிளஸ் டூவில் ஈ.ஆர்.சி. (எக்ஸ்பிளெய்ன் வித் ரெஃபரன்ஸ் டு தி கான்டெக்ஸ்ட்) என்று ஒரு கேள்வி. வரியைக் கொடுத்து, எந்தக் கவிதை, யார் எழுதியது, எந்தச் சூழலில் வருகிறது, பொருள் என்ன என்று கேட்பது. சூழலையும் விளக்கத்தையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் இதில் மதிப்பெண் குறைகிறது. சூழல் என்றால் இந்த வரிக்குச் சற்று முன்னால் என்ன நடந்தது என்பது. விளக்கம் என்றால் இந்த வரி என்ன சொல்கிறது என்பது. கவிதையின் முழுச் சுருக்கத்தையும் இரண்டு இடத்திலும் கொட்டக் கூடாது. கவிஞர் பெயரின் ஸ்பெல்லிங்கில் மட்டும் கொஞ்சம் கவனம் இருக்கட்டும், டென்னிசனுக்கு இரண்டு என் முன்னால், ஒரு என் கடைசியில்.

கைடை வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. கடைசி நேரத்தில் அது உதவும். ஆனால் கைடைத் திறப்பதற்கு முன்னால் கவிதையை இரண்டு முறை வாய்விட்டுப் படித்திருக்க வேண்டும். அபார்ட்மென்ட் வீட்டில் பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், சத்தமாகப் படிக்கப் பிள்ளைக்குக் கூச்சமாக இருக்கும். மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். அம்மா அப்பாவுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. "யாரு பேசுறாங்க? யார்கிட்ட? என்ன கோபம், என்ன சந்தோஷம்?" என்று தமிழில் கேளுங்கள், பிள்ளையும் தமிழிலேயே பதில் சொல்லட்டும். முதலில் தமிழில் யோசித்து, பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியமாக எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

பொதுத் தேர்வில் வினாத்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம் தருகிறார்கள். பெரும்பாலானோர் அந்த நேரத்தில் ஒரு மதிப்பெண் கேள்விகளை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறார்கள். அவை எங்கேயும் ஓடிவிடாது. கொடுத்திருக்கும் கவிதை வரிகளை அப்போது உதட்டசைவோடு படித்து, வரிக் கடைசி ஒலிகளையும் பேசுபவர் யார் என்பதையும் மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எழுதச் சொல்லி மணி அடித்ததும் ஏ, பி எழுத்துகளை வினாத்தாளில் பென்சிலால் குறிக்காமல், நேராக விடைத்தாளிலேயே எழுதிவிடலாம்.