செங்கல்லைத் தட்டிப் பார்க்கிறோம், கூலியைக் கேட்கிறோமா?

இருபது வருடமாகக் கட்டட வேலையில் இருக்கிறேன். லோடு இறங்கியதும் என்ன செய்வோம்? இரண்டு கல்லை எடுத்துத் தட்டுவோம், கணீரென்று சத்தம் வர வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறினால் எடை 20 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. கல் அறுத்தவருக்கு, அதாவது மண்ணை அச்சில் அடித்துக் கல்லாக்கியவருக்கு, கூலி போய்ச் சேர்ந்ததா என்பது இந்தச் சோதனை எதிலும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் திருவள்ளூர் பக்கம் ஒரு சூளைக்குக் கல் பார்க்கப் போயிருந்தேன். காலை ஏழு மணி இருக்கும். ராத்திரி மூன்று மணிக்கே எழுந்த ஒரு கணவனும் மனைவியும், அச்சில் மணல் தூவி, மண் உருண்டையை ஓங்கி அடித்து, மேலே வழித்து, களத்தில் கவிழ்த்துக்கொண்டே போனார்கள். பின்னால் எட்டு வயதுகூட நிரம்பாத ஒரு பையன், முந்தின நாள் அறுத்த பச்சைக் கல்லை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டபடி வந்தான். பெரியவர்கள் ஏறினால் கல் நசுங்கிவிடும், அதனால்தான் அவன் என்றார் அந்த அம்மா. வெந்த கல் ஒன்று சுமார் 3 கிலோ, ஆயிரம் கல் என்றால் 3 டன். பச்சையாக இருக்கும்போது அதைவிடக் கனம்.

அந்த அண்ணனிடம் பேச்சுக் கொடுத்தேன். வாங்கிய அட்வான்ஸ் எவ்வளவு என்று டக்கென்று சொன்னார். ஆயிரம் கல்லுக்கு என்ன கூலி என்றதற்கு, "மேஸ்திரிக்குத்தான் சார் தெரியும், சீசன் முடிஞ்சாதான் கணக்குப் பார்ப்பாங்க" என்றார். மேஸ்திரி என்றால் இங்கே சூளைக்கு ஆள் பிடித்து வருகிறவர். மாமியார் இறந்தபோது மனைவியை மட்டும் ஊருக்கு அனுப்பிவிட்டு, அவரையும் பையனையும் இங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்களாம். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். கல் நன்றாக இருந்தது, ஆர்டர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

அப்புறம்தான் 1976ஆம் வருடத்துக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தைப் படித்தேன். அடி, உதை, பூட்டு எதுவும் வேண்டியதில்லை. வாங்கின முன்பணத்துக்காக ஒருவர் நினைத்த இடத்துக்குப் போக முடியாமலோ, வேறு வேலைக்கு மாற முடியாமலோ, குறைந்தபட்சக் கூலி இல்லாமலோ உழைக்க வேண்டியிருந்தால் அவர் கொத்தடிமைதான். அந்தக் கடன் சட்டப்படி ரத்து. அது கொத்தடிமைக் கடன் இல்லை என்று சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவர்தான். வேலை வாங்கியவருக்கு 3 வருடம் வரை சிறை. "உதவிக்குத்தானே அட்வான்ஸ் கொடுத்தோம்" என்று சூளைக்காரர்கள் சொல்வார்கள். கொடுத்தது தப்பில்லை, அதைக் காட்டி ஆளை மடக்கி வைப்பதுதான் தப்பு.

வீடு கட்டுகிறவர்கள் லாரிக்காரரிடம் எந்தச் சூளைக் கல் என்று கேளுங்கள், முடிந்தால் ஒருமுறை நேரில் போங்கள். வாரக் கணக்கு நோட்டு இருக்கிறதா, திருவிழாவுக்குக் குடும்பத்தோடு ஊருக்குப் போய்வந்தார்களா, பிள்ளைகள் பகலில் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். சந்தேகம் வந்தால் முதலாளியிடம் சண்டைக்கு மட்டும் போகாதீர்கள், அன்று ராத்திரியே குடும்பத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். கலெக்டருக்கோ ஆர்டிஓவுக்கோ (வருவாய்க் கோட்டாட்சியர்) எழுத்தில் புகார் கொடுங்கள். குழந்தை இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள்.

மீட்டதோடு வேலை முடியாது. விடுதலைச் சான்றிதழைக் கையில் வாங்கித் தர வேண்டும். கடன் ரத்தானதற்கு ஆதாரம் அதுதான், மறுவாழ்வு உதவிக்கும் அதைத்தான் கேட்பார்கள். அது இல்லாமல் ஊருக்குப் போன குடும்பத்தின் வாசலில், அடுத்த பொங்கல் முடிந்ததும் அதே மேஸ்திரி வந்து நிற்பார்.