இரண்டு வயரையும் கவ்வினால் பூஜ்யம் வரவேண்டும்

கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீடு வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டித்தான் கிடக்கும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறப்போம். ஐந்து பங்காளிகளுக்குப் பொது வீடு என்பதால் கரண்டு பில்லும் பொது. பூட்டிய வீட்டில் இரண்டு மாதத்துக்கு 130 யூனிட்டுக்கு மேல் ஓடியிருக்கவே, யார் வந்து தங்கினார்கள், யார் ஏசி போட்டார்கள் என்று போனிலேயே பஞ்சாயத்து நடந்தது.

காரைக்குடியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் ஒரு கம்பியையும் அவிழ்க்கவில்லை. வயரைச் சுற்றிக் கவ்வியே அதில் ஓடும் மின்சாரத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பையிலிருந்து எடுத்தார். டாங் டெஸ்டர் என்றும் சொல்வார்கள். மெயின் சுவிட்சுக்குப் போகும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினார். 0.4 ஆம்பியர் காட்டியது. “ஆச்சி, இதுல பூஜ்யம்தான் வரணும். கரண்டு மண்ணுக்குப் போகுது” என்றார் அம்மாவிடம்.

மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும் என்பதை எர்ஸ்டெட் 1820-லேயே கவனித்துவிட்டார். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் பக்கத்துச் சுருளில் மின்சாரத்தைத் தூண்டும் என்பது 1831-இல் ஃபாரடே கண்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் கிளாம்ப் மீட்டர். அதன் வாய் ஒரு காந்த வளையம். அதற்குள் நுழையும் வயர் ஒரே ஒரு சுற்று உள்ள சுருளுக்குச் சமம். வளையத்தின் மேல் சுற்றிய சுருளில் 1000 சுற்று இருந்தால், வயரில் 10 ஆம்பியர் ஓடும்போது சுருளில் 10 மில்லி ஆம்பியர் ஓடும். மீட்டர் அதை அளந்து பெருக்கிக் காட்டுகிறது. வாய் சரியாக மூடாமல் இடையில் தூசு இருந்தால் அளவு குறைந்துவிடும்.

பேஸில் போன மின்சாரம் அதே அளவு நியூட்ரலில் திரும்புகிறது. திசை எதிரெதிர் என்பதால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு கம்பியும் உள்ளே சேர்ந்திருக்கும் மிக்ஸி வயரை அப்படியே கவ்விவிட்டு, “மீட்டர் ரிப்பேர்” என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். மிக்ஸி எவ்வளவு இழுக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதில் ஒற்றைக் கம்பியைத்தான் கவ்வ வேண்டும். எங்கள் வீட்டில் மிஞ்சிய 0.4 ஆம்பியர், நியூட்ரல் வழியே திரும்பி வராத மின்சாரம். 230 வோல்ட்டில் அது 92 வாட். இரவு பகலாக 60 நாள் ஓடினால் 132 யூனிட். ஏசி போட்டதாகச் சொல்லப்பட்ட பங்காளி மேல் தப்பே இல்லை.

பியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்ததில், கிணற்று மோட்டார் லைனை எடுத்ததும் மீட்டர் பூஜ்யத்துக்கு வந்தது. மோட்டார் சுவிட்ச் ஆஃபில்தான் இருந்தது. ஆனால் யாரோ எப்போதோ அந்த சுவிட்சை பேஸ் வயரில் மாட்டாமல் நியூட்ரல் வயரில் மாட்டிவிட்டார்கள். சுவிட்சை அணைத்தாலும் பேஸ் கிணற்றுக்குள் உயிரோடுதான் இருக்கும். தண்ணீருக்குள் இருந்த கேபிள் ஜாயின்ட் வழியே அது கசிந்துகொண்டிருந்தது.

இங்கேதான் ஜாக்கிரதை தேவை. கசிவு மட்டும் இல்லாதிருந்தால் அதே பேஸ் வயரில் கிளாம்ப் பூஜ்யம் காட்டியிருக்கும்; தொட்டால் 230 வோல்ட் அடித்திருக்கும். ஆம்பியர் பூஜ்யம் என்பதற்கு, வயரில் மின்சாரம் ஓடவில்லை என்றுதான் அர்த்தம். கம்பியில் கை வைக்கும் முன் வோல்ட்டைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னும் பின்னும், கரண்டு இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஒரு பிளக்கில் டெஸ்டரையே சோதித்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் விரலுக்குத் தடுப்பாக ஒரு விளிம்பு இருக்கும், கை அதைத் தாண்டக் கூடாது. இன்சுலேஷன் உரிந்த கம்பியைக் கவ்வ வேண்டாம். மெயின் போர்டில் வேலை என்றால் ‘கேட் 3, 600 வோல்ட்’ என்று பாதுகாப்புத் தரம் போட்ட மீட்டராக வாங்குங்கள். இதில் மலிவு பார்க்க எனக்கு மனம் வராது. வளவுக்குள் செருப்புப் போடுவது வழக்கமில்லைதான். இருந்தாலும் ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் வெறுங்காலோடு நின்று மெயினைத் திறக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரியின் நேர்மின்சாரத்தை (டிசி) இந்தச் சுருள் அளக்காது. காந்தப்புலம் மாறாததால் சுருளில் எதுவும் தூண்டப்படாது. அதற்கு, மாறாத காந்தப்புலத்தையும் உணரும் ஹால் சென்சார் உள்ள மீட்டர் வேண்டும். 1879-இல் எட்வின் ஹால் கண்ட விளைவில் அது வேலை செய்கிறது. காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிலையம் இருக்கிறது. மின்முலாம், பேட்டரி என்று அந்தத் துறையில் பெரும்பாலும் நேர்மின்சாரம்தான் என்பதால், அங்கே சாதாரண டாங் டெஸ்டரை வைத்துப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

மோட்டாருக்கு இரண்டு கம்பியையும் சேர்த்து அறுக்கும் சுவிட்ச் மாட்டி, ஜாயின்டை மாற்றி, மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே தானாக விழுந்து கரண்டை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற சுவிட்சும் போட்டாயிற்று. அந்தச் செலவை ஐந்தாகப் பிரிப்பதில்தான் அடுத்த பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது.