அடுக்குத் தும்மலும் அதிமதுரமும்

காலையில் போர்வையை உதறியதும் அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராய் ஒழுகும் மூக்கு, கண்ணில் அரிப்பு. இதற்கு ஆங்கிலப் பெயர் ஹே ஃபீவர். பெயரில்தான் வைக்கோலும் காய்ச்சலும் உண்டு. நோயில் இரண்டும் இல்லை. நம் ஊரில் பெரும்பாலும் மெத்தைத் தூசியில் வாழும் உண்ணிகளும், சாலையோரப் பார்த்தீனியத்தின் மகரந்தமும்தான் இதைக் கிளப்பிவிடுகின்றன. ஆயுர்வேதம் இதைப் பிரதிஷ்யாயம் என்ற மூக்கு நோய் வகையில் சேர்க்கிறது, சித்தத்தில் பீனிசம்.

மூக்கின் உட்சவ்வில் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற ஒவ்வாமைச் செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைச் சுமந்துகொண்டு காத்திருக்கின்றன. மகரந்தம் வந்து ஒட்டிய சில நிமிடங்களில் அவற்றிலிருந்து ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் கொட்டுகிறது. தும்மலும் அரிப்பும் அதனால்தான். நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து இரண்டாம் அலை வரும். அப்போது சவ்வு வீங்கி மூக்கு அடைத்துக்கொள்ளும்.

ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மூக்கடைப்பு மாத்திரை ஆகாது. புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குத் தூக்கம் வரவழைக்கும் பழைய ஒவ்வாமை மாத்திரைகள் சிறுநீரை அடைத்துவிடும். அதனால்தான் பலர் மூலிகைப் பக்கம் திரும்புகிறார்கள். சிக்கல் அங்கேதான். மூலிகையும் வயிற்றுக்குள் போய், கல்லீரல் வழியாக, சிறுநீரகத்தைத் தொட்டுத்தான் வெளியேறுகிறது. இவர்களுக்கு எது ஆகும் என்பதை மூக்கைப் பார்த்து அல்ல, ஏற்கெனவே இருக்கும் நோயைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அதிமதுரத்தையே எடுத்துக்கொள்வோம். தொண்டைக் கரகரப்பை நன்றாகவே அடக்கும். ஆனால் அதிலுள்ள கிளிசிரைசின், சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற ஹார்மோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுத்துவிடுகிறது. செயலிழக்காத கார்டிசால், உப்பைத் தேக்கும் ஹார்மோனான அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யத் தொடங்குகிறது: உப்பு உடலில் தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும், அழுத்தம் ஏறும். ஸ்வீடனில் 2024இல் வெளியான ஆய்வில் தினம் 100 மி.கி. கிளிசிரைசினே இரண்டு வாரத்தில் அழுத்தத்தைக் கூட்டியது. வேர்ப்பொடியில் 4 சதவீதம் இருந்தாலும் 5 கிராமில் 200 மி.கி. ஆகிவிடும். நீர் பிரியும் மாத்திரையும் கூடச் சேர்ந்தால் பொட்டாசியம் இரண்டு வழியாகப் போகும். கெண்டைக்கால் பிடிப்பு முதல் அறிகுறி. டிகாக்சின் என்ற இதய மருந்து எடுப்பவர்களுக்கு இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும்.

சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகின் கதை வேறு. மிளகு, திப்பிலி இரண்டிலும் உள்ள பைப்பரின், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை மந்தமாக்கும். பெங்களூரில் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், மஞ்சளில் உள்ள குர்குமின் 2 கிராமுடன் 20 மி.கி. பைப்பரின் சேர்த்தபோது ரத்தத்தில் கிடைத்த குர்குமின் 20 மடங்கானது. மஞ்சளுக்கு அது லாபம். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவும் அதேபோல் கூடும் என்பதுதான் கவலை. மூக்கு ஒவ்வாமையோடு ஆஸ்துமா உள்ளவர்கள் நிறையப் பேர். அவர்களில் தியோஃபிலின் எடுப்பவர்களும் உண்டு. அளவு சற்று மீறினாலே படபடப்பும் வாந்தியும் வரும் மருந்து அது. ரசத்து மிளகைக் கண்டு பயப்பட வேண்டாம். தினம் இரு வேளை சூரணமாகச் சாப்பிடுவதைத்தான் சொல்கிறோம்.

சர்க்கரை நோயாளிகள் மருந்தின் பெயரை விட்டுவிட்டுச் செய்முறையைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமைக்குப் பேர்போன ஹரித்ரா கண்டத்தில் மஞ்சள் 8 பலம் (பழைய எடை அளவு) என்றால் சர்க்கரை 50 பலம். சிதோபலாதி சூரணத்தின் 31 பங்கில் 16 பங்கு கற்கண்டு. அதையும் தேனில் குழைத்துத்தான் கொடுப்பார்கள்.

ஆடாதோடையிலுள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்துதான் சளி இளக்கும் மருந்தான புரோம்ஹெக்சின் உருவானது. ஆம்ப்ராக்சால் அதன் வழிவந்தது. 10 கிராம் உலர்ந்த இலையை 160 மி.லி. தண்ணீரில் சிறுதீயில் 40 மி.லி.யாக வற்றவைப்பார்கள். இது கெட்டிச் சளியை இளக்கும்; தண்ணீராய் ஒழுகும் மூக்கை நிறுத்தாது. இருமல் மருந்தில் ஆம்ப்ராக்சால் இருந்தால் ஒரே வேலைக்கு இரண்டு ஆள். கருப்பையைச் சுருக்கும் தன்மை இருப்பதால் ஆடாதோடை கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

சீந்திலுக்கு ஓரளவு சான்று உண்டு: 2005இல் வெளியான ஆய்வில் 75 பேரிடம் எட்டு வாரம் சோதித்ததில் தும்மலும் நீரொழுக்கும் குறைந்தன. ஆனால் 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். அது வேறு இனச் சீந்திலாக இருக்கலாம் என்றது ஆயுஷ் அமைச்சகம். எதுவானாலும், தன்னெதிர்ப்பு நோயோ (எதிர்ப்புச் சக்தி சொந்த உடலையே தாக்கும் நோய்) கல்லீரல் நோயோ உள்ளவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

நாள்பட்ட நோயாளிக்கு எங்கள் முதல் தேர்வு வயிற்றுக்குள் போகாத வைத்தியம்தான். கொதிக்கவைத்து ஆறிய 250 மி.லி. தண்ணீரில் அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவான உப்பு; ஒரு நாசியில் ஊற்றி மறு நாசி வழியாக வெளியே விட வேண்டும். உப்பு குறைந்தாலும் கூடினாலும் எரியும். கொதிக்காத குழாய்த் தண்ணீர் கூடவே கூடாது. மூளையைத் தாக்கும் அமீபா அந்த வழியாகத்தான் நுழைகிறது. மூக்கு உலர்ந்த பிறகு நாசிக்கு இரண்டு சொட்டு அணு தைலம் என்ற ஆயுர்வேத எண்ணெய் விடலாம். சாப்பிட்ட உடனும், காய்ச்சலின்போதும், மூக்கு முழுக்க அடைத்திருக்கும்போதும் வேண்டாம். தொண்டைக்கு இறங்குவதைத் துப்பிவிட வேண்டும். பக்கவாதத்தால் விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கு எண்ணெய் நசியமே (மூக்கில் எண்ணெய் விடுவது) வேண்டாம்: நுரையீரலுக்குள் கசியும் எண்ணெய் இருமலைக்கூடக் கிளப்பாமல் அங்கேயே தங்கி நிமோனியாவாகிவிடும்.