நெல்லுக்கு இன்றே பணம், அரிசிக்கு 45 நாள்

தை பிறந்தால் மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுவடை மும்முரமாகிவிடும். களத்தில் நெல் வாங்கும் மில்காரர் விவசாயிக்குக் கையோடு பணம் தர வேண்டும். அந்த நெல்லை ஊறப்போட்டு, அவித்து, காயவைத்து, அரைத்து, இட்லி அரிசியாக ஒரு பெரிய உணவுக் கம்பெனிக்கு லாரி ஏற்றுகிறார். பணம் வர 45 நாள். அதற்குள் அடுத்த நெல் களத்துக்கு வந்துவிடும்.

வெளியில் 2 வட்டிக்கு 10 லட்சம் வாங்கினால், அந்த ஒன்றரை மாதத்துக்கு 30,000 ரூபாய் போய்விடும். வங்கியில் கேட்டால் அடமானம் வேண்டும். மில்லும் வீடும் பெரும்பாலும் ஏற்கெனவே அடமானத்தில்தான் இருக்கும். ஆனால் அவரிடம் இன்னொரு சொத்து இருக்கிறது. கம்பெனி அவருக்குத் தர வேண்டிய பாக்கி!

அந்தப் பாக்கியைப் பணமாக்கும் இணையச் சந்தைதான் ட்ரெட்ஸ். ரிசர்வ் வங்கி 2014-ல் விதிமுறை வகுத்தது. 2017-ல் நடைமுறைக்கு வந்தது. மில்காரர் பில்லை அதில் ஏற்றுவார். 'சரக்கு வந்து சேர்ந்தது, இன்ன தேதியில் இவ்வளவு தருகிறோம்' என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதன்பிறகு வங்கி எடைபோடுவது மில்காரரை அல்ல, கம்பெனியை. அதனால் வட்டி இறங்கும். வங்கிகள் போட்டிபோட்டு ஏலம் கேட்கும். ஆண்டுக்கு 9% என்று வைத்துக்கொண்டால், அதே 10 லட்சத்தில் சுமார் 11,100 ரூபாய்தான் கழியும். மீதி ஓரிரு நாளில் கணக்கில் ஏறிவிடும். தவணை நாளில் கம்பெனி வங்கிக்குக் கட்டும். கட்டாமல் போனாலும் வங்கி மில்காரரைக் கேட்க முடியாது.

ஆண்டு விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று மத்திய அரசு சொன்னது. சரி, சேர்ந்தால் மட்டும் போதுமா? பில் ஒப்புதலுக்காக 20 நாள் கிடந்தால் மில்காரர் மறுபடி வட்டிக்காரர் வாசலில்தான் நிற்பார். 45 நாள் தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் 3 மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால், அடுத்த ஆர்டரும் அதே கம்பெனியிடமிருந்துதான் வர வேண்டும் எனும்போது யார் வழக்குப் போடுவார்கள்?

அதனால் கம்பெனிகளிடம் கேட்க வேண்டியது கடன்கூட இல்லை. லாரி இறங்கிய அன்றே எடையும் ஈரப்பதமும் பார்த்து, சரியாக இருந்தால் அன்று சாயங்காலமே பில்லுக்கு ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும்.