கெசல்கமு ஓயாவின் கலங்கலும் ஆழ்கடலும்

பொகவந்தலாவைப் பக்கம் கெசல்கமு ஓயாவில் மாணிக்கக்கல் தோண்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இல்லம் எனப்படும், கல் கலந்த சரளை மண்ணைக் கூடையில் போட்டு ஆற்றில் அலசுவார்கள். கல் கூடையில் தங்கும், சேறு தண்ணீரோடு போகும். கொஞ்ச நேரத்தில் ஆறு பால்தேநீர் நிறமாகிவிடும். கீழே அந்த ஆறு போய்ச் சேருவது காசல்ரீ நீர்த்தேக்கத்தில். ஆழ்கடலில் கனிமம் எடுப்பதைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கலங்கல்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஹவாய்க்கும் மெக்சிகோவுக்கும் இடையே, 4,000 மீட்டருக்கும் அதிக ஆழத்தில், பசிபிக் தரையில் கறுப்பு உருண்டைகள் பாதி புதைந்து கிடக்கின்றன. நுவரெலியாவில் தோண்டிப்போட்ட உருளைக்கிழங்கு போலவே இருக்கும். ஒன்றை அறுத்தால் வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். நடுவில் சில சமயம் ஒரு சுறாப்பல். கடல்நீரில் கரைந்திருக்கும் மங்கனீசு, நிக்கல், செம்பு, கோபால்ட் எல்லாம் அந்தப் பல்லின் மேல் படிந்து வளர்ந்தவைதான் இவை. பத்து லட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டர்தான் கூடும்.

இவற்றை எடுக்க, தரையில் ஊர்ந்து போகும் இயந்திரம் மேல்சேற்றோடு சேர்த்து உறிஞ்சும். நீளமான குழாய் வழியாக எல்லாம் கப்பலுக்கு ஏறும். அப்புறம் கலங்கிய தண்ணீர் திரும்பவும் கடலுக்குள் விடப்படும். ஓயாவுக்கு மழை வரும், வெள்ளம் வரும். அந்த ஆழத்தில் சேற்றைக் கழுவ எதுவும் வராது. 1989இல் பெரு நாட்டுக்கு அப்பால் ஆய்வுக்காகக் கடல்தரையை உழுது பார்த்தார்கள். 26 ஆண்டு கழித்துப் போனபோதும் உழுத தடம் தெரிந்தது. உருண்டையில் ஒட்டி வாழும் பவளமும் கடற்பஞ்சும் உருண்டையோடே போய்விடும்.

மின்சாரக் கார் பற்றரிக்கு நிக்கலும் கோபால்ட்டும் வேண்டும் என்கிறார்கள். சரி, ஆனால் இரும்பு பொஸ்பேட் பற்றரிகள் இரண்டும் இல்லாமலே ஓடுகின்றன. இவ்வளவு ஆழத்தில் போடும் முதலீடு திரும்பி வரும் என்று எனக்கு நம்பிக்கையில்லை.

யாருடைய தரை இது? 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டப்படி, நாடுகளின் எல்லைக்கு அப்பாலுள்ள கடல்தரை மனிதகுலத்தின் பொதுச் சொத்து. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் இருக்கும் சர்வதேச கடற்படுகை அதிகாரசபை அதைப் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சட்டத்தை எழுதிய மாநாட்டின் முதல் தலைவர் நம் இலங்கையர், ஹமில்டன் ஷேர்லி அமரசிங்க. 2024இல் இந்தியா, இந்து சமுத்திரத்தின் அஃபனாசி நிகிடின் என்ற கடலடி மலையில் கோபால்ட் தேட அந்த அதிகாரசபையிடம் அனுமதி கேட்டது. 2009இல் இலங்கை தன் கண்டத்திட்டு, அதாவது தன் நிலத்தின் கடலடி நீட்சி, என்று ஐ.நா.விடம் கோரிய பரப்புக்குள்தான் அந்த மலையும் வருகிறது. அனுமதி யாருக்குப் போனாலும், கலங்கல் எத்தனை கிலோமீட்டர் பரவும் என்பதை முதல் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே அளந்து காட்டச் சொல்ல வேண்டும்.